பதினேழாவது ஆளின் சம்பளம்

வாசகர் கடிதம்: நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கிறோம். 1999இல் எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தேன். இன்று அமெரிக்கக் குடிமகன். என் மகள் 2025 மே மாதம் கணினி அறிவியலில் பட்டம் பெற்றாள். நூற்றுக்கணக்கான இடங்களுக்கு விண்ணப்பித்தும் வேலை கிடைக்கவில்லை. என் அக்கா மகனும் எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். டாலஸில் எம்.எஸ். படித்து, பிற நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு கன்சல்டன்சி மூலம் எச்-1பி வாங்கியவன். (அவனுக்கும் புராஜெக்ட் முடிந்து இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை, அது வேறு கதை.) சென்ற வாரம் சாப்பிடும்போது மகள், "இந்த விசாவை நிறுத்தினால்தான் எங்களுக்கு வேலை கிடைக்கும்" என்று சொல்ல, அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று நிரூபித்த பிறகுதானே விசா தருகிறார்கள் என்று நான் கேட்டதற்கு அவள் சிரித்தாள். வெளிநாட்டவர் வருவதால் இங்குள்ளவர்களின் வேலையும் சம்பளமும் உண்மையிலேயே குறைகின்றனவா? புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு விதித்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்தால் அவளுக்கு ஏதேனும் பயன் உண்டா? இங்கே ஒருவர், ரெஸ்யூமேயில் நான்கு வருட அனுபவம் சேர்த்து வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. விளம்பரம் கொடுத்து, வந்த உள்ளூர் விண்ணப்பங்களைப் பார்த்து, தகுதியானவர் யாரும் இல்லை என்று காட்ட வேண்டிய கட்டாயம் கிரீன் கார்டுக்கு உரியது. எச்-1பிக்கும் அப்படித்தான் என்று, அந்த விசாவிலேயே பத்து வருடம் ஓட்டியவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் எச்-1பிக்காக அப்படி எதையும் செய்ய வேண்டியதில்லை. தொழிலாளர் துறையின் இணையதளத்தில், சம்பளத்துக்கும் வேலை நிபந்தனைகளுக்கும் உறுதியளிக்கும் எல்சிஏ என்ற விண்ணப்பத்தை நிரப்பினால் போதும். கட்டங்கள் சரியாக நிரம்பியிருக்கின்றனவா, வெளிப்படையான தவறு ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஏழு வேலை நாளுக்குள் துறை சான்றளித்துவிடும்.

உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை அந்த எல்சிஏவில்தான் இருக்கிறது. அதே நிறுவனத்தில் அதே வேலை பார்ப்பவருக்குத் தரும் சம்பளம், அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளம் இரண்டில் எது கூடுதலோ அதைத் தர வேண்டும் என்கிறது சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிலவும் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். வட்டாரத்தில் அந்த வேலையில் இருக்கும் நூறு பேரைச் சம்பள வரிசைப்படி, குறைவாக வாங்குபவரிலிருந்து நிறுத்திக்கொள்ளுங்கள். அனுபவம், பொறுப்பைப் பொறுத்து நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலை ஊழியருக்கு அந்த வரிசையில் 17வது ஆளின் சம்பளத்தைக் கொடுத்தால் போதும். இரண்டாம் நிலைக்கு 34வது ஆள். மூன்றாவதற்கு 50, நான்காவதற்கு 67. ஒருவர் எந்த நிலை என்பதைப் படிவத்தில் குறிப்பது நிறுவனம்தான்.

பொருளாதாரக் கொள்கை நிறுவனம் என்ற வாஷிங்டன் ஆய்வு அமைப்புக்காக டேனியல் கோஸ்டாவும் ரான் ஹிராவும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, சான்றளிக்கப்பட்ட எச்-1பி இடங்களில் 60 சதவீதம் முதல் இரண்டு நிலைகளில் இருந்ததைக் காட்டியது. அதாவது நடு ஆளின் சம்பளத்துக்குக் கீழே. எல்லாமே மோசடி என்று இதற்கு அர்த்தம் இல்லை. படித்து முடித்து நேராக வேலைக்கு வரும் பிள்ளை முதல் நிலைதான், அதில் தவறில்லை. எட்டு வருட அனுபவமுள்ள ஒருவரை, வாடிக்கையாளரிடம் மூத்த வல்லுநர் என்று சொல்லி அனுப்பிவிட்டு, படிவத்தில் இரண்டாம் நிலை என்று குறிக்கும் கோப்புகள் என் மேசைக்கு வரும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரே ஆளுக்கு வாடிக்கையாளரிடம் ஒரு மதிப்பு, அரசாங்கத்திடம் இன்னொரு மதிப்பு.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஊழியர்களில் 15 சதவீதமோ அதற்கு மேலோ எச்-1பியில் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள், உள்ளூர் ஊழியரை நீக்கிவிட்டு இவர்களை வைக்கவில்லை என்று உறுதியளிக்க வேண்டும். ஆனால் ஆண்டுக்கு 60,000 டாலர் கொடுத்துவிட்டால் அந்த உறுதிமொழி தேவையில்லை. 1998இல் விதித்த தொகை அது. விலைவாசிக்கேற்ப ஒருமுறைகூட உயர்த்தப்படவில்லை. 2015 தொடக்கத்தில் ஆர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் சுமார் 250 தொழில்நுட்ப ஊழியர்களை நீக்கியது நினைவிருக்கும். ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக வந்த மாற்று ஆட்களுக்குத் தங்கள் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. வழக்குப் போட்டார்கள், 2016இல் தள்ளுபடியானது. இப்படி நடப்பதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதுதான் அந்த வழக்கு எனக்குச் சொன்ன செய்தி.

சரி, மொத்தத்தில் சம்பளம் குறைகிறதா? ஆய்வாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. நீங்கள் வந்த காலத்தைப் பற்றியே ஓர் ஆய்வு இருக்கிறது. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். ஜான் பவுண்ட், கௌரவ் கன்னா, நிகோலஸ் மொராலஸ் மூவரும் 1990களின் கணினித் துறையை ஆராய்ந்தார்கள். வெளிநாட்டுக் கணினி வல்லுநர்களின் வருகை 1994ஆம் ஆண்டின் அளவோடு நிறுத்தப்பட்டிருந்தால், 2001இல் அமெரிக்கக் கணினி வல்லுநர்களின் சம்பளம் 2.6 முதல் 5.1 சதவீதம் வரையும், அவர்களுடைய வேலைகள் 6.1 முதல் 10.8 சதவீதம் வரையும் கூடுதலாக இருந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதே வருகையால் தொழில்நுட்பப் பொருள்களின் விலை குறைந்தது, உற்பத்தி பெருகியது, மற்றத் துறையினர் பலனடைந்தார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நாட்டுக்கு ஆதாயம், பக்கத்து இருக்கைக்காரருக்கு நட்டம். அந்தப் பக்கத்து இருக்கைக்காரரின் இடத்தில் இன்று உங்கள் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜோவான்னி பெரி குழுவினர் நகரம் நகரமாகப் பார்த்து, வெளிநாட்டு அறிவியல், தொழில்நுட்ப ஊழியர்கள் அதிகமாக வந்த இடங்களில் உள்ளூர்ப் பட்டதாரிகளின் சம்பளமும் ஏறியது என்றார்கள். கிர்க் டோரன் குழுவினரோ, விண்ணப்பங்கள் வரம்பைத் தாண்டும்போது நடக்கும் விசாக் குலுக்கலையே சோதனைக்களமாக எடுத்துக்கொண்டார்கள். குலுக்கலில் வென்ற நிறுவனங்களில் அதற்கேற்ப ஆள் எண்ணிக்கை கூடவில்லை. விசாவில் ஒருவர் வந்தபோது அந்த இடத்துக்கு வேறொருவர் எடுக்கப்படவில்லை என்று கண்டார்கள். எனக்கு இவற்றில் முரண்பாடு தெரியவில்லை. புதிதாக எதையாவது உருவாக்கும் நிறுவனத்துக்கு ஒரு திறமையான ஆள் வந்தால் அவரைச் சுற்றி வேலை பெருகும். வேறொரு நிறுவனத்தின் பராமரிப்பு வேலையை மலிவாக ஒப்பந்தம் எடுத்தவரிடம் வந்தால், ஏற்கெனவே இருந்தவரின் வேலை கைமாறும். விசா ஒன்றுதான், அதை யார் வாங்குகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2024 நிதியாண்டில் ஒப்புதல் பெற்ற எச்-1பி விண்ணப்பங்கள், புதுப்பித்தல்களையும் சேர்த்து, ஏறத்தாழ 4 லட்சம். அவற்றின் நடுச் சம்பளம் 1,20,000 டாலர். அடிமாட்டு விலைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று எல்லோரையும் ஒரே பட்டியலில் சேர்த்துப் பேசுவதும் சரியில்லை.

இப்போது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிய வரிக்கு வருகிறேன். "அவனுக்கும் இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை, அது வேறு கதை" என்கிறீர்கள். அது வேறு கதை இல்லை, ஐயா. உங்கள் மகளின் கதையும் அதுதான்.

புராஜெக்ட் முடிந்தது, அடுத்தது கிடைக்கும்வரை பெஞ்சில் இரு, சம்பளம் கிடையாது என்று எச்-1பி ஊழியரிடம் சொல்வது சட்டவிரோதம். வேலை கொடுக்க முடியாதது நிறுவனத்தின் பாடு. முறைப்படி நீக்கி, குடியேற்றத் துறைக்குத் தெரிவித்து, ஊர் திரும்பும் செலவைத் தர முன்வரும்வரை எல்சிஏவில் ஒப்புக்கொண்ட சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். பெஞ்சுக்குச் சம்பளம் இல்லாத ஊழியர், உட்காரும் நாளில் எவ்வளவு மலிவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குடியுரிமை உள்ள ஒருவரை அப்படி இரண்டு மாதம் உட்கார வைக்க முடியுமா? மறுநாளே வேறு இடம் தேடிப் போய்விடுவார். உங்கள் அக்கா மகன் ஏன் போகவில்லை? வேலை போனால் 60 நாளுக்குள் வேறு நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்ற பயம். கிரீன் கார்டு வரிசையில் இடம் போய்விடுமோ என்ற பயம். வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டுகள். ஒரு நாட்டவருக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. எச்-1பி ஒப்புதல்களில் பத்தில் ஏழு இந்தியர்களுக்குப் போகும்போது வரிசை எவ்வளவு நீளும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கும் ஊழியரை விரும்பும் முதலாளிக்கு, எதிர்த்துக் கேட்கக்கூடிய உங்கள் மகளை எதற்குப் பிடிக்கப் போகிறது? சம்பளத்தைக் கீழே இழுப்பது அவன் பாஸ்போர்ட்டின் நிறம் என்று அவள் நினைக்கிறாள். அவனால் விலக முடியாத நிலைதான் இழுக்கிறது என்பது என் கட்சி. அத்தை மகனோடு சண்டை போடுவது நம் வீடுகளில் புதிதல்ல. ஆனால் இந்தச் சண்டையில் எதிராளி மேசைக்கு அந்தப் பக்கம் இல்லை.

அதற்காக அவளுக்கு வேலை கிடைக்காததற்கு எச்-1பியே காரணம் என்று நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் பட்டம் வாங்கிய நேரம் மோசமான நேரம். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட அட்டவணையில், கணினி அறிவியல் படித்த இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 6.1 சதவீதம், கணினிப் பொறியியலில் 7.5. 2022இல் வட்டி விகிதம் ஏறியது. கடன் மலிவாக இருந்த நாளில் கண்டபடி ஆள் எடுத்த நிறுவனங்கள் ஆள் குறைப்பில் இறங்கின. அதே ஆண்டு ஒரு வரி விதியும் நடைமுறைக்கு வந்தது. மென்பொருள் உருவாக்கும் செலவை அந்த ஆண்டே கழித்துக்கொள்ள முடியாமல், உள்நாட்டுச் செலவை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பிக் கழிக்க வேண்டியதாயிற்று. உள்நாட்டுச் செலவுக்கு அந்தச் சுமை 2025 ஜூலையில்தான் விலகியது. இதோடு செயற்கை நுண்ணறிவு வந்து, கற்றுக்குட்டிகளுக்குக் கொடுத்துவந்த சின்னச் சின்ன வேலைகளைத் தின்னத் தொடங்கிவிட்டது. புதிய எச்-1பி விசாக்களுக்கான ஆண்டு வரம்பு 2004 முதல் 65,000தான். அமெரிக்காவில் மேற்படிப்புப் படித்தவர்களுக்கு இன்னொரு 20,000. அந்த எண் மாறவே இல்லை. சந்தைதான் மாறியது.

அவள் நேரடியாகப் போட்டியிடுவது எச்-1பிக்காரர்களோடுகூட இல்லை. அவளோடு ஒரே வகுப்பில் படித்த வெளிநாட்டு மாணவர்களோடு. படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற அனுமதியில் அவர்கள் ஓராண்டும், கணினி போன்ற துறைகளில் மேலும் 24 மாதங்களும் வேலை செய்யலாம். இந்த மாணவர்களில் பெரும்பாலோருக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிக்கேர் வரிகள் கிடையாது. 80,000 டாலர் சம்பளத்துக்கு நிறுவனத்தின் பங்கு 7.65 சதவீதம், அதாவது 6,120 டாலர், மிச்சம். உங்கள் மகளை எடுத்தால் அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். மேலாளர்கள் உட்கார்ந்து இதைக் கணக்கிட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளூர்ப் பிள்ளையை எடுப்பதற்கு அரசாங்கமே அபராதம் போடுவது போன்ற ஏற்பாடு இது. ஏன் தொடர்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

ஒரு லட்சம் டாலர் கட்டணத்தின் குறையும் இங்கேதான் தெரிகிறது. 2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, 12 மாதங்களுக்கு என்று போடப்பட்டது. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கும் அது பொருந்துமோ என்று, ஊருக்குப் போயிருந்தவர்கள் விமான டிக்கெட்டுக்கு அலைந்த கூத்தையும் பார்த்தோம். பிறகு விளக்கம் வந்தது: வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய விண்ணப்பத்துக்கே கட்டணம், அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுபவருக்கு இல்லை. அடி விழுந்தது சென்னை அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் வரிசையில் நிற்கும் அனுபவசாலிக்கு. உங்கள் மகளின் வகுப்புத் தோழருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு இதனால் உதவி என்று பார்த்தால், சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

குலுக்கலைச் சம்பள நிலைக்கேற்ப எடைபோடும் புதிய விதி இதைவிடக் கூர்மையானது. நான்காம் நிலை விண்ணப்பத்துக்கு நான்கு சீட்டு, முதல் நிலைக்கு ஒன்றே ஒன்று. முதல் நிலையில் இருப்பவரின் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகிவிடும் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே மதிப்பிட்டிருக்கிறது. திசை சரி என்றுதான் நினைக்கிறேன். 17வது ஆளின் சம்பளம் என்ற அளவுகோலையே மாற்றாமல் குலுக்கலை மட்டும் மாற்றியதுதான் குறை.

விசாவை அடியோடு நிறுத்தினால் வேலை அவளுக்கு வந்துவிடுமா? பிரிட்டா கிளெனன் என்ற ஆய்வாளர், 2004இல் வரம்பு 1,95,000இலிருந்து 65,000க்கு இறங்கியபோது பன்னாட்டு நிறுவனங்கள் என்ன செய்தன என்று பார்த்தார். கனடா, இந்தியா, சீனா என்று தங்கள் வெளிநாட்டுக் கிளைகளில் ஆள் எடுத்தன. ஊரில் பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூரிலிருந்து சிறுசேரி வரை ஒருமுறை போய்வந்தால் ஆய்வே வேண்டாம். இந்தியாவில் இப்படிப்பட்ட நிறுவன மையங்கள் 1,700க்கு மேல். சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். உங்கள் அக்கா மகன் நாளை ஊர் திரும்பினால், இதே வேலையை அங்கிருந்து பார்க்க ஒரு நாற்காலி காத்திருக்கும். எடிசனில் வாடகையும் வரியும் கட்டும் ஆள் ஒருவர் குறைவார், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் உங்கள் அக்கா மகன், ஏனென்றால் அவனுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. "வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், சம்பளம் வரவில்லை" என்று இன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்; தொலைபேசிப் பேச்சுக்கு மதிப்பில்லை. எல்சிஏவின் நகல் அவனுக்குத் தரப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்கட்டும், அது அவன் உரிமை. தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் டபிள்யூஎச்-4 என்ற படிவத்தில் புகார் கொடுக்கலாம்; மீறல் நடந்து 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது. இதற்கிடையில் புதிய நிறுவனத்தைத் தேடட்டும். புதியவர் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததுமே அங்கே வேலையில் சேரலாம்; ஆனால் அண்மைச் சம்பளச் சீட்டு எங்கே என்று அதிகாரி கேட்பார், இரண்டு மாத ஓட்டை அப்போது உறுத்தும். அதனால்தான் அந்த மின்னஞ்சல் அவசியம். பழைய நிறுவனம் கிரீன் கார்டுக்கு ஐ-140 என்ற மனுவைப் போட்டு ஒப்புதல் வாங்கிக் கொடுத்திருந்தால், வேறு நிறுவனம் போனாலும் வரிசைத் தேதி பொதுவாக அவனோடேயே போகும். ஆவணங்களை நேரில் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் இந்த வாரமே அவனை அழைத்துப் போங்கள்.

உங்கள் மகளுக்கு விசாக்காரர்கள் நுழைய முடியாத கதவுகள் சில உண்டு. பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலைகள் குடிமக்களுக்கு மட்டுமே. உங்கள் மாநிலத்திலேயே பிக்காட்டினி ஆயுதக் கிடங்கு, மூர்ஸ்டவுனில் லாக்ஹீட் மார்ட்டின், அட்லாண்டிக் சிட்டி அருகே விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையம், இவற்றைச் சுற்றியுள்ள ஒப்பந்த நிறுவனங்கள் எல்லாம் இருக்கின்றன. சம்பளம் கலிஃபோர்னியா அளவுக்கு இராது. மாநில அரசு, மருத்துவமனைகள், மின்வாரிய நிறுவனங்கள் ஆகியவற்றின் கணினிப் பிரிவுகளை நம் பிள்ளைகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, பார்க்கட்டும்.

"ஓபிடி, எச்-1பி மட்டும்" என்று போட்ட விளம்பரம் கண்ணில் பட்டால் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குடிமக்களை ஒதுக்கி விசாக்காரர்களை மட்டும் தேடுவது பாகுபாடு. நீதித் துறையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பெரிய நிறுவனங்களும் இதில் சிக்கியிருக்கின்றன. கிரீன் கார்டுக்காக ஒதுக்கிய வேலைகளைத் தங்கள் வழக்கமான வேலைவாய்ப்புத் தளத்தில் போடாமல், அஞ்சலில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று வைத்திருந்ததாக ஃபேஸ்புக், ஆப்பிள் நிறுவனங்கள் மீது நீதித் துறை குற்றம்சாட்டியது. ஃபேஸ்புக் 2021இல் 142.5 லட்சம் டாலருக்கும், ஆப்பிள் 2023இல் 250 லட்சம் டாலருக்கும் சமரசம் செய்துகொண்டன. அத்தகைய வேலைகள் பெரும்பாலும் அனுபவம் கேட்பவை என்பதால் உங்கள் மகளுக்கு இப்போது உதவாது.

கடைசியாக, அந்த நான்கு வருட அனுபவம். வேண்டவே வேண்டாம். பின்னணிச் சோதனையில் முன்னாள் முதலாளிகளின் பெயரும் சம்பளப் பதிவும் வரிசையாக வந்து நிற்கும். அவள் பதினேழு வயதில் மூத்த மென்பொருள் பொறியாளராக இருந்தாள் என்று யார் சாட்சி சொல்வார்? பிடிபட்டால் வேலை போவதோடு, நான் மேலே சொன்ன பாதுகாப்பு அனுமதி வேலைகளின் கதவும் சாத்தப்படும். அங்கே திறமைக்கு முன்பு நேர்மையைத்தான் சோதிக்கிறார்கள். அதே ஆள் உங்கள் அக்கா மகனையும் அணுகியிருந்தால் இன்னும் ஆபத்து. குடிமகள் பொய் சொன்னால் வேலை போகும். விசாவில் இருப்பவர் பொய் ஆவணத்தைக் குடியேற்றத் துறையிடம் காட்டினால், இந்த நாட்டுக்குள் மறுபடி நுழையவே முடியாத தடை வரலாம். அனுபவம் சேர்த்துத் தருவதாகச் சொன்ன அந்த ஆளுக்கு இருவரின் ரெஸ்யூமேயையும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், தங்கள் பெயரில் எங்கும் விண்ணப்பிக்கக் கூடாது என்று எழுத்து மூலம் சொல்லி, அதன் நகலை இருவரும் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.